லஞ்ச ஒழிப்புத் துறை யாருக்குக் கட்டுப்பட்டது?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பாகப்பிரிவினையில் வந்த நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்ற விண்ணப்பித்தாராம். சர்வேயர் பணம் கேட்கிறார். புகார் கொடுத்தால் வேலை நின்று போய்விடுமோ என்று பயமாக இருக்கிறதாம். லஞ்ச ஒழிப்புக்குப் போகலாம் என்றால், "அதுவே ஆட்சியில இருக்கறவங்க கையிலதானுங்க இருக்குது, போயி என்ன ஆகப் போகுது" என்று ஊரில் சொல்கிறார்கள். போன ஆட்சிக்காரர்கள் மீது மட்டும் வழக்குப் பாய்வதைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதானோ என்று இவருக்கும் தோன்றுகிறது. நேர்மையான ஓர் அதிகாரியை அந்தத் துறைக்குத் தலைவராகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டுக்கும் பதில் ஒன்றில்லை. ஒரு சர்வேயர் மீதோ வி.ஏ.ஓ. மீதோ நடவடிக்கை எடுக்க அந்தத் துறைக்குச் சுதந்திரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, தாராளமாக. ஆட்சியில் இருக்கும் ஓர் அமைச்சர் மீது வரும் புகாரை அதே சுதந்திரத்தோடு விசாரிக்க முடியுமா என்றால், இப்போதுள்ள அமைப்பில் முடியாது. தலைவர் எவ்வளவு நல்லவர் என்பது இந்த இரண்டாவது பதிலைக் கொஞ்சம்தான் மாற்றும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கோவையிலும் ஈரோட்டிலும் ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளைப் பல வருஷமாக நடத்தும் வக்கீல். பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர் பக்கம் நிற்பேன், சில நேரம் புகார்தாரர் பக்கம். துறையின் கோப்புகளை ஓட்டை தேடிப் படிப்பதுதான் தொழில் என்பதால், எந்த வழக்கை மனசு வைத்துச் செய்திருக்கிறார்கள், எதை ஒப்புக்குச் செய்திருக்கிறார்கள் என்பது ஓரளவு பிடிபடும். ஆனால் மேலிருந்து யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்பது கோப்பில் இருக்காது. அதைப் பற்றி ஊர் பேசுவதை நான் இங்கே சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் துறையின் பிறப்பு. நம் மாநிலத்தின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், ஜனங்கள் வாயில் விஜிலென்ஸ், 1964-ல் அமைந்தது. மத்தியில் கண்காணிப்பு ஆணையம் வந்ததும் அதே வருஷம்தான். அதற்கு வழி காட்டியது கே. சந்தானம் தலைமையிலான குழு. மத்திய ஆணையத்துக்கு 2003-ல் தனிச் சட்டம் கிடைத்தது. நம் விஜிலென்ஸுக்கு இன்று வரை தனிச் சட்டம் இல்லை. அரசாணையால் உண்டான துறை, அரசின் பணியாளர் துறைக்குக் கீழே இருக்கிறது (அதற்கு இப்போது மனிதவள மேலாண்மைத் துறை என்று பெயர்). இயக்குநர் ஓர் ஐ.பி.எஸ். அதிகாரி. அவரை நியமிப்பது அரசு, மாற்றுவதும் அரசு. இத்தனை ஆண்டு இருப்பார் என்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை. கீழே வேலை செய்யும் டி.எஸ்.பி.யும் இன்ஸ்பெக்டரும் போலீசிலிருந்து அயல்பணியில் வருகிறவர்கள். சில வருஷத்தில் போலீசுக்கே திரும்பிப் போகவேண்டியவர்கள். 2018-ல் லோக் ஆயுக்தா (அரசில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களைப் பார்க்கும் தனி அமைப்பு) சட்டம் இயற்றப்பட்டு, 2019-ல் அந்த அமைப்பு வந்த பிறகும் விஜிலென்ஸ் அரசின் கீழேயேதான் இருக்கிறது. இதெல்லாம் கட்சி பார்த்துச் சொல்கிற கருத்தல்ல, ஏட்டில் உள்ள நிலவரம்.

இப்படி இருந்தும் சர்வேயர் வழக்குகள் நன்றாகவே நடக்கின்றன. காரணம் எளிது, அந்த வழக்கை நிறுத்துவதில் மேலே யாருக்கும் ஆதாயம் கிடையாது. நடைமுறையும் கெட்டியானது. நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்தால், விவரம் சரிபார்த்து எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். சம்பந்தமில்லாத வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வரவழைப்பார்கள். நோட்டு நம்பர்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பவுடர் தடவுவார்கள். அதைத் தொட்ட கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் கரைசல் பாட்டிலில் சீல் வைக்கப்பட்டு ஆய்வகம் போகும். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, அதிகாரியின் முடிவுகளைப் பற்றிய புகாரை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்று 17ஏ பிரிவைச் சேர்த்தார்கள். கையும் களவுமாகப் பிடிக்கிற வழக்குக்கு அதிலும் விலக்கு உண்டு. வழக்கு தொடரும் கட்டத்தில் ஒப்புதல் தரவேண்டியவர், அந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் உள்ள அதிகாரி. சர்வேயருக்கு அது மாவட்ட அளவிலோ துறை அளவிலோ முடிந்துவிடும், கோட்டை வரை போகாது. புகார்தாரர் தான் முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ்ந்தாலும் மற்ற சாட்சியங்களை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டதால், என் போன்றவர்களுக்கு வேலை இன்னும் கடினமாகியிருக்கிறது. சர்வேயர், வி.ஏ.ஓ. மட்டத்தோடு இது நின்றுவிடுவதும் இல்லை. உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாகப் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரையே 2018 பிப்ரவரியில் கோவையில் வைத்துக் கைது செய்தார்கள்.

பிரச்சினை தொடங்குவது, புகார் நேராக ஆட்சியை நோக்கிப் போகும்போதுதான். நூல் மில்லில் ஸ்டோர் கீப்பரின் பையைச் சோதிக்கிற வாட்ச்மேன், முதலாளியின் காரை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்ல முடியுமா? அவர் நேர்மையானவர்தான், ஆனால் சம்பளமும் டூட்டியும் முதலாளி கையில். டெண்டர் வழக்கு, பெரிய ஒப்பந்த வழக்கு இவற்றில் பவுடர் தடவிய நோட்டு கிடையாது. கோப்பும் குறிப்பும் மதிப்பீடும்தான் சாட்சி. அந்தக் கோப்புகளைத் தரவேண்டியது அரசு. 17ஏ பிரிவின்படி மூத்த அதிகாரிகள் விஷயத்தில் விசாரணைக்கு முன் அனுமதி தரவேண்டியதும் அரசு. வழக்குத் தொடர ஒப்புதல் தருவதும் அரசு. நடத்துகிற அரசு வக்கீலை நியமிப்பதும் அரசு. தீர்ப்பு பாதகமாக வந்தால் அப்பீல் போவதா வேண்டாமா என்பதையும் அரசே முடிவு செய்யும். இத்தனை கதவுகளில் ஒன்றை மெதுவாகத் திறந்தால் போதும், யாரும் வெளிப்படையாகத் தடுக்காமலே வழக்கு ஆறிப் போய்விடும்.

நம் பகுதியிலேயே எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 2018-ல், அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி மீது நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள் தொடர்பாக தி.மு.க.வின் ஆர்.எஸ். பாரதி புகார் கொடுத்தார். விஜிலென்ஸ் ஆரம்பகட்ட விசாரணை நடத்தி, வழக்குக்கு முகாந்திரம் இல்லை என்றது. அந்த அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, 2022 ஆகஸ்டில் அந்த உத்தரவை ரத்து செய்து, உயர் நீதிமன்றமே மறுபடி விசாரிக்கட்டும் என்று அனுப்பியது. இதற்கு நடுவே ஆட்சி மாறியிருந்தது. புதிய ஆரம்பகட்ட விசாரணைக்கு உத்தரவும் ஆகியிருந்தது. 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, ஆட்சி மாறியது என்பதைத் தவிரப் புது விசாரணைக்கு என்ன காரணம் என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை என்பதே அதன் சாரம். அடுத்த மாதமே அதே உயர் நீதிமன்றம் எதிர்த்திசையில் இருந்த கோப்புகளை எடுத்தது. அப்போது தி.மு.க. அமைச்சர்களாக இருந்த கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு, முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ஆகியோர் கீழ்க் கோர்ட்டுகளில் சொத்துக்குவிப்பு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதைத் தானாகவே மறுஆய்வுக்கு எடுத்தது. ஒரு ஆட்சியில் குற்றப்பத்திரிகை போட்ட விஜிலென்ஸ், சம்பந்தப்பட்டவர் ஆட்சிக்கு வந்த பிறகு மேல்விசாரணை செய்து அதற்கு நேர்மாறான அறிக்கை தந்திருந்தது நீதிபதியை உறுத்தியது.

இவர்களில் யார் தப்பு செய்தார், யார் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. நான் கவலைப்படுவது வேறு. ஒரே துறை, ஒரே ஆவணங்கள், ஆட்சி மாறினால் முடிவு மாறுகிறது. முதல் முடிவு சரி என்றால் இரண்டாவது தப்பு, இரண்டாவது சரி என்றால் முதலாவது தப்பு. இரண்டுமே சரியாக இருக்க வழியில்லை. உண்மையிலேயே குற்றமற்றவருக்கும் இதனால் நியாயம் கிடைப்பதில்லை. 'நம்ம ஆளுங்க இருக்கும்போது க்ளீன் சிட் வாங்கிட்டான்' என்ற பேச்சு அவரைக் கடைசி வரை விடாது.

சரி, அப்படியென்றால் நல்ல தலைவரைப் போட்டால் தீருமா? இதற்கு சி.பி.ஐ.யின் சரித்திரமே பதில். நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் சி.பி.ஐ. விசாரணை கேட்கிறோம். திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடியில் போலீஸ் அதிகாரிகள் மீதே பணம் பறித்ததாகப் புகார் எழுந்து, 2011-ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது பலருக்கு ஞாபகம் இருக்கும். (2023 ஜூனில் தமிழக அரசு சி.பி.ஐ.க்குத் தந்திருந்த பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டால் அவர்கள் வரலாம்.) அந்த சி.பி.ஐ.யின் தலைமையைக் காப்பாற்ற நடந்த போராட்டம் சின்னதல்ல. 1997 டிசம்பரில் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம், இயக்குநருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்றது. பிறகு பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் சொல்லும் நீதிபதி ஆகிய மூவர் குழு தேர்வு செய்யும் என்று சட்டம் வந்தது. குழுவின் சம்மதம் இல்லாமல் இடமாற்றமும் கூடாது.

காகிதத்தில் இதைவிடக் கெட்டியாக எழுத முடியாது. அப்புறம் 2018 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் இயக்குநர் அலோக் வர்மாவின் அதிகாரங்களைப் பறித்து விடுப்பில் அனுப்பினார்கள். குழுவைக் கேட்காமல் செய்தது செல்லாது என்று 2019 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் உட்கார வைத்தது. இரண்டே நாளில் குழு கூடி அவரை மாற்றியது. 2021-ல் இன்னொரு திருத்தம் வந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு, வருஷம் வருஷமாக நீட்டித்து ஐந்து ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம். என் மதிப்பில் இந்தத் திருத்தம் அந்த நள்ளிரவு உத்தரவை விட மோசமானது. நீக்குவது வெளியே தெரியும், கோர்ட்டுக்குப் போகலாம். அடுத்த வருஷம் நீட்டிப்பார்களா என்ற எதிர்பார்ப்பு ஒருவரின் மனசுக்குள் என்ன செய்யும் என்பதை எந்தக் கோர்ட்டும் அளக்க முடியாது. அமலாக்கத் துறை இயக்குநருக்குக் கொடுத்த நீட்டிப்புகள் செல்லாது என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் நீட்டிக்க வழி செய்யும் சட்டத்தை விட்டுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஐந்து ஆண்டு என்றால் ஒரே மூச்சில் ஐந்து ஆண்டு கொடுங்கள், நீட்டிப்பே கூடாது என்பது என் வாதம்.

தலைவர் முக்கியமே இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். எந்தக் கோப்பு எந்த டி.எஸ்.பி.யிடம் போகிறது, ஆரம்பகட்ட விசாரணை எத்தனை மாதம் கிடக்கலாம், முகாந்திரம் இல்லை என்ற குறிப்பைச் சட்ட ஆலோசகரின் கருத்தோடு மூடுகிறாரா அது இல்லாமலே மூடுகிறாரா என்பதெல்லாம் அவர் கையில்தான். நல்ல இயக்குநர் இருந்த காலத்துக் கோப்பில் ஒரு வித்தியாசம் தெரியும், புலனாய்வு அதிகாரி தயங்காமல் எழுதியிருப்பார். 2011 மார்ச்சில் பி.ஜே. தாமஸின் மத்திய கண்காணிப்பு ஆணையர் நியமனத்தை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலும் இதற்குப் பொருந்தும். ஆள் நல்லவரா என்று மட்டும் பார்த்தால் போதாது, அவர் உட்காருவதால் அந்த நாற்காலியின் மீதான நம்பிக்கை குறையுமா என்றும் பார்க்க வேண்டும் என்றது அது.

அப்படியானால் முழுச் சுதந்திரம் கொடுத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பண்ணாரியிலிருந்து திம்பம் மலை ஏறித் தாளவாடி தாண்டினால் கர்நாடகம். அங்கே லோக் ஆயுக்தாவுக்குச் சொந்தப் போலீஸ் பிரிவே உண்டு. 2011-ல் லோக் ஆயுக்தாவாக இருந்த சந்தோஷ் ஹெக்டே தந்த சுரங்க ஊழல் அறிக்கையால் முதல்வர் எடியூரப்பா பதவி விலக வேண்டி வந்தது. நாடே அசந்து பார்த்தது. நாலே வருஷத்தில், 2015-ல், அப்போது லோக் ஆயுக்தாவாக இருந்த வேறொருவரின் மகன் அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அதிகாரிகளை மிரட்டிப் பணம் பறித்ததான வழக்கில் கைதானார். அந்த டிசம்பரில் லோக் ஆயுக்தா ராஜினாமா செய்தார். அதையடுத்து 2016-ல் அரசு தன் கட்டுப்பாட்டில் ஊழல் தடுப்புப் படை என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, லோக் ஆயுக்தா போலீசின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. 2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தப் படையை ரத்து செய்து அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. நம் ஆட்கள் யாரும் இதைப் பேசுவதில்லை, ஆனால் எனக்கு ஹாங்காங் உதாரணத்தை விட இதில் பாடம் அதிகம். யாருக்கும் பதில் சொல்லாத சுதந்திரம் உள்ளிருந்தே அழுகும், அந்த அழுகலைக் காரணம் காட்டி அரசு மொத்தத்தையும் கையில் எடுத்துக்கொள்ளும்.

ஹாங்காங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எப்போதும் யாராவது கேட்பார்கள். ஊழல் புகாரில் சிக்கிய ஒரு பெரிய போலீஸ் அதிகாரி 1973-ல் நாட்டை விட்டு ஓடிப்போக, 1974-ல் போலீசிலிருந்து பிரித்துத் தனி ஆணையம் அமைத்தார்கள். சிங்கப்பூரின் அமைப்பு 1952-லிருந்து இருக்கிறது, பிரதமருக்குக் கீழேதான். ஆனால் பிரதமர் விசாரணைக்குச் சம்மதிக்க மறுத்தால், குடியரசுத் தலைவரின் இசைவோடு இயக்குநர் விசாரணையைத் தொடரலாம் என்று 1991-ல் அரசியல் சட்டத்திலேயே ஒரு பக்கக் கதவு வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு நான் ஆசைப்படுவது இந்தக் கதவுக்குத்தான். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்த மறுப்பை அரசுக்கு வெளியே உள்ள ஒருவர் பார்க்க வேண்டும். அதோடு விஜிலென்ஸுக்குத் தனிச் சட்டமும், எதிர்க்கட்சித் தலைவரும் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவும், அயல்பணியில் வராத நிரந்தரப் புலனாய்வாளர்களும் வேண்டும்.

இதெல்லாம் செய்தால் லஞ்சம் குறையுமா? அரசியல் தலையீடு குறையும் என்று உறுதியாகச் சொல்வேன். லஞ்சம் குறையும் என்று அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சம்பளம், கோர்ட்டின் வேகம், சின்ன ஊர் என்று வேறு பலதும் சேர்ந்து வேலை செய்தன. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டுவது கஷ்டம். பட்டா விஷயத்தில் விண்ணப்பம் ஆன்லைனுக்குப் போனது பல கைகளைக் குறைத்தது, ஆனால் உட்பிரிவு என்றால் நிலத்தை அளக்க ஓர் ஆள் நேரில் வரத்தான் வேண்டும், பேரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

இனி உங்கள் விஷயம். பணம் கொடுக்காதீர்கள், ஈரோட்டில் உள்ள விஜிலென்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்துவிட்டால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். முன்கூட்டியே துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுத்தால் அது குற்றமாகாது. ஆதாரத்துக்காகத் தானாகவே முதலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு நாள் கணக்குதான் வினையாகிறது.

'வேலை நின்று போயிடுமோ' என்ற உங்கள் பயம் நியாயமானது. நான் பார்த்தவரை, பொறி வைத்துப் பிடித்த அலுவலகத்தில் அந்தக் குறிப்பிட்ட கோப்பை நிறுத்தி வைக்க யாரும் துணிவதில்லை. பக்கத்து நில விவகாரம் ஏதாவது இருந்தால் அதைப் பிடித்து இழுப்பார்கள், அதற்கு உங்கள் பத்திரங்கள் சரியாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், சாட்சி சொல்லச் சம்மன் வர வருஷக்கணக்கில் ஆகலாம், அன்று உங்களைக் குறுக்கு விசாரணை செய்யப்போவது என் போன்ற ஒருவர். எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார் என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியது பதிவாகியிருந்தால் நகல் மட்டும் போதாது. அந்தப் போனையே ஒப்படைக்கச் சொல்வார்கள், அதுவரை அதை ரிப்பேருக்குக் கொடுக்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.